"இது உணர்ச்சி வாதம்" என்று சொல்லிவிட்டால் மறுப்பு ஆகிவிடுமா? விவாதப் பயிற்சிக்கு உதவி தேவை

மேடைப்பயிற்சி கேட்டது:

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குத் தமிழில் விவாதப் பயிற்சி. அணிக்கு 3 பேர், ஆளுக்கு 4 நிமிடப் பேச்சு, கடைசியில் அணித்தலைவருக்கு 2 நிமிட மறுப்புரை. அரிஸ்டாட்டில் சொன்ன எதோஸ், பாதோஸ், லோகோஸ் (பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, வாதத்தின் காரணக் கட்டு) மூன்றும் பாடமாக முடிந்தது. ஆளைத் தாக்குவது, வைக்கோல் பொம்மை (எதிராளி சொன்னதைத் திரித்து, அந்தத் திரிபை அடிப்பது), வழுக்குச்சரிவு, சுற்றி வளைத்த வாதம் என்று ஒரு டஜன் வாதப் பிழைகளும் முடிந்தன. பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் மேடையில் மூன்று சிக்கல் வருகிறது.

1. உணர்ச்சியைத் தொட்டுப் பேசினாலே அது பிழை என்று நினைக்கிறார்கள். தங்கள் பேச்சிலும் உணர்ச்சியை அறவே எடுத்துவிடுகிறார்கள். பேச்சு அறிக்கை வாசிப்பது போல வறண்டுவிடுகிறது.

2. எதிரணி பேசியதும் "இது வைக்கோல் பொம்மை வாதம்" என்று பெயரை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். நடுவர்கள் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை.

3. புத்தகங்களில் வரும் எடுத்துக்காட்டு எல்லாம் அமெரிக்க விளம்பரமும் அங்குள்ள தேர்தல் பேச்சும்தான். மாணவர்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்த போட்டித் தலைப்பு "ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது". அதையும் மனத்தில் வைத்துச் சொன்னால் நல்லது.

---

ஏட்டுச்சுவடி பதில்:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் 16-ஆவது கொலைக்களக் காதையையும் 20-ஆவது வழக்குரை காதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரே சிலம்பைப் பற்றி இரண்டு முறை வாதம் நடக்கிறது. முதல் முறை கோவலன் வெட்டுப்படுகிறான். இரண்டாம் முறை உண்மை வெளியே வருகிறது. கதையை அழுதுகொண்டே கேட்டுப் பழகிவிட்டதால் இதற்குள் இருக்கும் வாதக் கட்டமைப்பை நாம் கவனிப்பதே இல்லை.

முதலில் கொலைக்களம். பொற்கொல்லன் அரசனிடம் என்ன சொல்கிறான்? கன்னக்கோலும் கவைக்கோலும் இல்லாமலே, மந்திரத்தைத் துணையாகக் கொண்டு வாயிற்காவலரை மயக்கித் தூங்கவைத்துச் சிலம்பைக் கொண்டுபோனவன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். இந்த முதல் வாக்கியத்திலேயே மாணவர்களை நிறுத்துங்கள். திருட்டுக் கருவி எதுவும் கிடைக்கவில்லை என்பது அவன் குற்றச்சாட்டைப் பலவீனப்படுத்த வேண்டிய செய்தி. அதை "மந்திரம்" என்ற ஒரு சொல்லால் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

அரசன் தீர விசாரிக்காமல் சொல்வது: "கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு". சிலம்பு அவன் கையில் இருந்தால் அவன் கள்வன். இதை அவிழ்த்து எழுதச் சொல்லுங்கள். திருடியவன் கையில் சிலம்பு இருக்கும். இவன் கையில் சிலம்பு இருக்கிறது. ஆகவே இவன் திருடியவன். மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்பதும் இதே அச்சுதான். தண்ணீர் லாரி கசிந்தாலும் தெரு நனையும். அரசனின் வாதம் நிற்க வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு கூற்று வேண்டும்: "இந்த மாதிரிச் சிலம்பு அரசியைத் தவிர வேறு யாரிடமும் இல்லை." அது சோதிக்கப்படவே இல்லை. "இதற்கு ஜோடி எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. கோவலனைப் பார்த்த காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் இலக்கண முறைமையில் (நல்லவனுக்குரிய தோற்ற அடையாளங்களோடு) இருக்கிறான், "கொலைப்படு மகன் அலன்" என்கிறார்கள். முடிவு சரி. காரணம் பலவீனம்: ஆளின் தோற்றத்தை வைத்துச் சொன்னது. பலவீனமான காரணத்தில் நின்றதால் பொற்கொல்லன் ஒரே தள்ளில் சாய்த்துவிடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டும் கள்வருக்குத் துணை என்று அடுக்குகிறான். அதாவது நல்லவனாகத் தெரிகிறானா? அதுவே அவன் தேர்ந்த திருடன் என்பதற்கு அடையாளம். இப்படிப்பட்ட வாதத்தை எந்தச் சான்றாலும் அசைக்க முடியாது, எதிர்ச்சான்று எல்லாமே அதற்குத் தீனியாகிவிடும். மாணவர்கள் இன்றைக்குக் கைப்பேசியில் படிக்கும் சதிக் கதைகளில் பாதி இந்த அச்சுத்தான். மறுக்கும் வழி ஒன்றுதான்: "எதைக் காட்டினால் நீங்கள் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்?" என்று கேட்பது.

பிறகு வேறு கள்வர்களின் கதைகளை எடுத்துவிடுகிறான். அதைக் கேட்ட ஒரு காவலன் தன் பங்குக்கு மழைக்கால நள்ளிரவில் உளியோடு வந்த கள்வன் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைகள் எதிலும் கோவலன் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அச்சம் ஏறிவிட்டது. அந்தச் சூட்டில்தான் "கல்லாக் களிமகன் ஒருவன்" வாளை வீசுகிறான். தொடர்பில்லாத கதைகளால் கிளறிய உணர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நெருக்கமான காட்சி எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

இப்போது வழக்குரை காதை. கண்ணகி பேசுவதில் எதோஸ், பாதோஸ், லோகோஸ் மூன்றும் வருகின்றன. கன்றை இழந்த பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்த சிபியைச் சொல்கிறாள். "பெரும்பெயர்ப் புகார் என் பதியே" என்கிறாள். நீதிக்குப் பேர்போன ஊர் என்னுடையது என்பது எதோஸ், பசுவின் கண்ணீர் பாதோஸ். இந்த உணர்ச்சியைப் பொற்கொல்லன் கிளறிய அச்சத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பசுவின் கதை வழக்கின் பொருளையே தொடுகிறது: அரசன் தன் தவற்றுக்குத் தானே தண்டனை ஏற்க வேண்டுமா என்பதுதானே கேள்வி. எனவே உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. அது எந்தக் கூற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரசன் மறுமொழி: "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று". கள்வனைக் கொல்வது கொடுமை அல்லவாம். ஆனால் அவன் கள்வனா என்பதுதான் வழக்கே! நிறுவ வேண்டியதை முன்கூட்டியே சொல்லுக்குள் வைத்துவிட்டுப் பேசுவது. சுற்றி வளைத்த வாதத்துக்கு நான்கே சொல்லில் எடுத்துக்காட்டு.

கண்ணகி அந்தப் பொதுவிதியை மறுத்து நேரத்தை வீணாக்கவில்லை. நேரே லோகோஸுக்கு வருகிறாள், ஒரே வரியில்: "என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே." அரி என்றால் சிலம்புக்குள் ஒலிக்கப் போடும் பரல். என்னுடையதில் மாணிக்கம். அரசன் "நல்ல மொழி" என்று ஒப்புக்கொண்டு, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான். சிலம்பு வருகிறது, உடைக்கிறாள், மணி தெறிக்கிறது. இதில் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: உடைப்பதற்கு முன்பே என்ன இருக்கும் என்று சொல்லிவிட்டாள், முத்து தெறித்திருந்தால் அவள் தோற்றிருப்பாள், எது இருந்தால் யார் வென்றார் என்பதை எதிராளியின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான் உடைக்கிறாள். தோற்கும் வாய்ப்பு உள்ள சோதனைக்குத்தான் சான்றின் பலம் உண்டு.

வீட்டுப்பாடத் தலைப்புக்கு: "இரவு 9 மணிக்குத் தூக்கக் கண்ணோடு வாய்ப்பாடு எழுதும் 7 வயதுக் குழந்தை" என்ற சித்திரம், உங்கள் கூற்று தூக்கத்தைப் பற்றியது என்றால் முறையானது. "வீட்டுப்பாடத்தால் கணக்கு வராது" என்பது கூற்றாக இருந்தால் அதே சித்திரம் தொடர்பில்லாதது. படம் ஒன்றுதான், உட்காரும் இடம் வேறு.

---

அளவைநூல் பதில்:

ஏட்டுச்சுவடி சொன்னதோடு மணிமேகலையின் 29-ஆவது காதையையும் (தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை) சேருங்கள். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது முழுக்க அளவையியல் (தர்க்கம்) பாடம். போலி வாதங்களை மூன்று இடமாகப் பிரிக்கிறார்: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. மொத்தம் 33.

எண்ணிக்கையை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். பயன் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஒரு வாதத்தை "இம்மலை நெருப்புடைத்து" (பக்கம்), "புகையுடைத்து ஆதலால்" (ஏது), "அடுக்களை போல்" (திட்டாந்தம்) என்று மூன்றாக உடைத்துவிட்டால், எது உடைந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். கூற்றே தவறா, காரணம் தவறா, எடுத்துக்காட்டு பொருந்தவில்லையா? மேலைநாட்டுப் பட்டியல்கள் பெயர்களைத் தருகின்றன, இந்த முறை இடத்தைத் தருகிறது. உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு இதுதான் மருந்து என்பது என் எண்ணம்.

மேடைக்கு உடனே பயன்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

சுவசன விருத்தம்: தன் சொல்லே தன்னை அடிப்பது. மணிமேகலை தரும் எடுத்துக்காட்டு "என் தாய் மலடி". எதிரணியின் முதல் பேச்சாளர் "குழந்தைகள் பள்ளியில் போதிய அளவு கற்கவில்லை" என்றும் மூன்றாம் பேச்சாளர் "பள்ளியிலேயே எல்லாம் கற்றுவிடுகிறார்கள்" என்றும் சொன்னால் இது. பிடிக்க வேண்டுமானால் இரண்டு வரியையும் சொல் மாறாமல் எழுதி வைத்திருக்க வேண்டும்.

சித்தாசித்தம்: காரணமே சந்தேகத்தில் இருக்கும்போது அதைக் கொண்டு துணிவது. ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று கொண்டு நெருப்பு உண்டு என முடிவுகட்டுவது என்கிறது நூல். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வாட்ஸ்அப் செய்தியை வைத்துப் பேசுவது அப்படியே இதுதான். இங்கே நெருப்பைப் பற்றி வாதாடக் கூடாது. "முதலில் அது புகைதானா?" என்பதே கேள்வி.

சாதாரண அநைகாந்திகம்: காரணம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பது. "ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அறியப்படுகிறது" என்றால், அழியாதது என்று கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறதே. "பின்லாந்தில் ஆசிரியர்களுக்கு மதிப்பு இருக்கிறது, அதனால் வீட்டுப்பாடம் வேண்டாம்" என்றால், ஆசிரியருக்கு மதிப்பு இருப்பது வீட்டுப்பாடம் கொடுப்பதற்கும் காரணமாகலாம் அல்லவா?

"ஆற்றின் அளவறிந்து கற்க" என்ற 725-ஆம் குறளில் "அளவு" என்பதற்குப் பரிமேலழகர் அளவை நூல் என்றே பொருள் கொள்கிறார். அவை அஞ்சாமல் மறுமொழி சொல்லத் தர்க்கம் படி என்கிறது குறள். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் பாடத்தின் மேல் ஒரு பிடிப்பு வரும்.

---

நடுவர்பலகை பதில்:

இரண்டாவது சிக்கலை நடுவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிழையின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. பெயர் சொல்வது மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு மருந்து எழுதாமல் போவது போல. எந்தக் கூற்று விழுந்தது, அது விழுந்ததால் எதிரணி நிலைப்பாட்டில் எவ்வளவு குறைந்தது என்று நடுவர் தாளில் எழுத முடிய வேண்டும்.

2 நிமிடம் என்றால் 120 நொடி. ஒரு வாதத்தை மட்டும் எடுங்கள். மூன்றை எடுத்தால் ஒன்றும் முடியாது.

முதல் 20 நொடி, எதிராளி சொன்னதை அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்வது. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளில்) "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு" ஒன்று. முதலில் மேற்கொள்ள வேண்டும், பிறகு களைய வேண்டும். மேற்கொள்ளாமல் களைந்தால் அது வைக்கோல் பொம்மையை அடிப்பது. எதிராளி "எந்த வீட்டுப்பாடமும் இல்லாவிட்டால் படித்தது மறந்துவிடும்" என்றால், அதை "குழந்தைகளை எந்நேரமும் படிக்கவைக்க வேண்டும் என்கிறார்கள்" என்று ஊதிப் பெரிதாக்கினால் அந்த நொடியே நடுவர் நம்பிக்கை போய்விடும்.

அடுத்த 20 நொடி, உடைந்த இடத்தைச் சாதாரணத் தமிழில் காட்டுவது. அதற்கடுத்த 50 நொடி, ஏன் உடைந்தது என்பதற்கு ஒரே அச்சில் உள்ள இன்னொரு வாதம் அல்லது ஒரு எதிர்ச்சான்று. கடைசி 30 நொடி, இது விழுந்ததால் தலைப்பில் என்ன மாறுகிறது என்பது. பெரும்பாலான அணிகள் இந்த 30 நொடியை விட்டுவிடுகின்றன, அங்கேதான் மதிப்பெண் போகிறது.

ஒரு மாதிரி:

"எதிரணித் தோழி சொன்னது இது: திரும்ப எழுதிப் பார்த்தால்தான் நினைவில் நிற்கும், அதனால் வீட்டுப்பாடம் தேவை. திரும்பச் செய்வது நினைவுக்கு நல்லது என்பதை நாங்களும் ஏற்கிறோம். ஆனால் திரும்பச் செய்வது வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. மருந்து தேவை என்பதை நிறுவிவிட்டு, அதை நடுராத்திரியில் தர வேண்டும் என்று முடித்திருக்கிறார். பள்ளி நேரத்தின் கடைசி 20 நிமிடத்தில் அதே பயிற்சியை ஆசிரியர் முன்னிலையில் செய்தால், தவறு அங்கேயே திருத்தப்படும். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத குழந்தையும் பின்தங்காது. ஆகவே அவருடைய காரணம் பயிற்சியை நிறுவுகிறது, வீட்டுப்பாடத்தை நிறுவவில்லை. நாங்கள் எதிர்ப்பது வீட்டுப்பாடத்தைத்தான்."

இதில் ஒரு பிழையின் பெயர்கூட வரவில்லை. எதிராளியின் பாதியை ஒப்புக்கொண்டதால் பேச்சாளர் மேல் நம்பிக்கை கூடுகிறது. அரிஸ்டாட்டில் எதோஸுக்குச் சொன்ன மூன்று கூறுகள் விவேகம், நற்குணம், கேட்பவர் மேல் நல்லெண்ணம். அவை பேச்சுக்குள்ளிருந்தே எழ வேண்டும் என்பது அவர் கருத்து. நேர்மையாக ஒப்புக்கொள்ளும் ஒரு வரி, பேச்சைத் தொடங்கும்போது அடுக்கும் பட்டங்களைவிட அதிகம் செய்யும்.

---

மேடைப்பயிற்சி:

மூவருக்கும் மிக்க நன்றி. கொலைக்களக் காதையை இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. இன்னும் மூன்று ஐயம். எதிராளியின் ஆளைப் பற்றிப் பேசுவது எப்போதுமே பிழைதானா? குறளையோ நீதிமன்றத் தீர்ப்பையோ மேற்கோள் காட்டினால் அது "அதிகாரத்தை நாடும் பிழை" ஆகுமா? எண்ணிக்கை சொன்னாலே லோகோஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

துலாக்கோல் பதில்:

ஆளைப் பற்றிய கேள்வி. ஒருவர் *வாதம்* சொன்னால் அவர் யாராக இருந்தாலும் வாதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் *சாட்சி* சொன்னால் கதை வேறு, அவர் சொல் மேல் நாம் சாய்கிறோம், எனவே அவர் நம்பகத்தன்மையும் வழக்கின் பகுதி. மேலே உள்ள பொற்கொல்லனே எடுத்துக்காட்டு. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான். அது வெளிப்படுமுன் புலம்பெயர்ந்து வந்த புதியவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். "இவன் திருடன் என்று சொல்கிறாயே, கடைசியாக அந்தச் சிலம்பு யார் கைக்கு வந்தது?" என்று அரசன் அவனைக் கேட்டிருந்தால் அது ஆளைத் தாக்குவது ஆகாது, கேட்டே ஆக வேண்டிய கேள்வி. இதற்கு நேர்மாறாக, "வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறவர் சோம்பேறி" என்பது சுத்தமான பிழை. அவர் சோம்பேறியாகவே இருந்தாலும் அவர் சொன்ன காரணம் அசையாது.

மேற்கோள். குறளை மேற்கோள் காட்டுவது அழகு, நினைவில் நிற்கும். ஆனால் அது வழக்கை முடிக்காது. இதை மாணவர்களுக்கு உறைக்கவைக்க இரண்டு குறளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 380: "ஊழிற் பெருவலி யாவுள" (ஊழைவிட வலியது எது?). 620: "ஊழையும் உப்பக்கம் காண்பர்" (விடாது முயல்பவர் ஊழையும் தோற்கடிப்பர்). ஒரே நூல், ஒரே ஆசிரியர், இரண்டு அணிக்கும் மேற்கோள் தயார். இரண்டும் வேறு வேறு அதிகாரத்தில் வேறு வேறு நோக்கத்தில் சொல்லப்பட்டவை. இடத்தைச் சொல்லாமல் ஒற்றை வரியைப் பிய்த்து எடுத்தால்தான் மோதுகின்றன. மேற்கோள் காட்டும் மாணவர் அடுத்த வாக்கியத்தில் "ஏன் இது இங்கே பொருந்தும்" என்று சொல்லியாக வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

தீர்ப்புகளுக்கும் அதே. உங்கள் தலைப்புக்கு யாராவது ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2018 உத்தரவைக் கட்டாயம் எடுப்பார். 1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்றது அது. தலைப்போ ஐந்தாம் வகுப்பு வரை. ஆதரிக்கும் அணி அதை முழுச் சான்றாக வைத்தால், "3, 4, 5-க்கு உங்கள் காரணம் என்ன?" என்று எதிரணி கேட்கும். எதிர்க்கும் அணி "நீதிமன்றமே 2-ஆம் வகுப்போடு நிறுத்திவிட்டது, ஆகவே 3-க்கு மேல் வேண்டும் என்பது பொருள்" என்றால் அதுவும் தவறு, ஒன்றைத் தடுத்ததால் மற்றதைப் பரிந்துரைத்ததாக ஆகாது. ஒரே உத்தரவில் இரண்டு பக்கமும் வழுக்க இடம் இருக்கிறது, எனவே பயிற்சிக்கு நல்ல கருவி.

எண். இதுதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் எண்ணைக் கேட்டதும் அவை அடங்கிவிடும். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் வழக்கைப் படியுங்கள். இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவர் கொன்றார் என்று வழக்கு. அந்த மாதிரிக் குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-இல் 1, ஆகவே இரண்டு இறக்க 8,543 × 8,543, கிட்டத்தட்ட 7 கோடியே 30 லட்சத்தில் 1 என்று ஒரு குழந்தை மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். 1999-இல் ஆயுள் தண்டனை.

உடைந்த இடம் இரண்டு. பெருக்கலாம் என்றால் ஒரு சாவுக்கும் அடுத்ததற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒரே தாய் தகப்பன், ஒரே மரபணு, ஒரே வீடு, தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது? பெருக்கிய அந்த நொடியே கணக்கு விழுந்துவிட்டது. இரண்டாவது இன்னும் நுட்பம்: பெருக்கல் சரி என்றே வைத்துக்கொண்டாலும், "இப்படி நடப்பது அரிது" என்பதும் "அவர் குற்றமற்றவராக இருப்பது அரிது" என்பதும் ஒன்றல்ல. பெற்ற தாய் இரண்டு குழந்தையைக் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிதில் எது அதிக அரிது என்று ஒப்பிட வேண்டும், ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. அங்குள்ள ராயல் புள்ளியியல் சங்கம் 2001-இல் இந்தக் கணக்குக்கு அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. 2003-இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. குழந்தையின் ஆய்வக முடிவுகள் வழக்கில் வெளிக்காட்டப்படாதது முக்கியக் காரணம். அதற்குள் மூன்றாண்டுக்கும் மேல் சிறையில் போய்விட்டது.

ஆகவே எண்ணைக் கேட்டதும் மாணவர் கேட்க வேண்டியது: எத்தனையில் இத்தனை? யாரை எண்ணினார்கள்? எதோடு ஒப்பிட வேண்டும்? "வீட்டுப்பாடம் செய்யும் குழந்தைகள் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள்" என்றால், வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கும் குழந்தைதான் வீட்டுப்பாடத்தையும் முடிக்கிறது, மதிப்பெண்ணும் எடுக்கிறது என்ற வழி திறந்தே இருக்கிறது.

---

நெல்முனை பதில்:

துலாக்கோல் மேற்கோளைப் பற்றிச் சொன்னதால் பழமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் மேடையில் சான்று தீர்ந்ததும் எல்லோரும் எடுப்பது பழமொழியைத்தான்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்." இதை வைத்து "எங்கள் தெருவில் ஒரு குழந்தை..." என்று தொடங்குவார்கள். பழமொழி பானையைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. ஏன் சரி? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே அடுப்பு, நடுநடுவே கரண்டியால் கிளறியாயிற்று. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் மற்றதும் அப்படித்தான். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்து போட்டுவிட்டால் ஒரு சோற்றை வைத்துச் சொல்ல முடியாது என்பது சமைப்பவர் யாருக்கும் தெரியும். ஆகவே மறுப்பு பழமொழியைத் தாக்கக் கூடாது. "கிராமத்துக் குழந்தையும் நகரத்துக் குழந்தையும், இரண்டு பேர் வேலைக்குப் போகும் வீடும் பாட்டி இருக்கும் வீடும் ஒரே பானையா?" என்று கேட்டால் போதும், அவை உடனே புரிந்துகொள்ளும்.

முன்னே நடந்தது பின்னே நடந்ததற்குக் காரணம் என்று சொல்பவருக்கு "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது" கையில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிற்கக் கூடாது, அதுவும் பெயர் சொல்வது போலத்தான் ஆகும். காக்கை உட்காராத நாளில் பழம் விழுந்ததா, உட்கார்ந்தும் விழாத நாள் உண்டா என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு முறை சொல்கிறேன். ஆளுக்கு ஒரு தாள். நாளிதழின் ஆசிரியர் கடிதம் ஒன்றை எடுத்து, அதில் உள்ள ஒரே ஒரு வாதத்தைக் கூற்று, காரணம், எடுத்துக்காட்டு என்று அளவைநூல் சொன்ன மூன்று வரியாக எழுதவேண்டும். நான்காவது வரியில், காரணத்திலிருந்து கூற்றுக்குப் போக எழுதியவர் சொல்லாமல் விட்ட நடுக்கூற்றை எழுதவேண்டும். 10 நிமிடம் போதும். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவருக்கு மாற்றி, அவர் அந்த நடுக்கூற்றை மட்டும் சோதிக்க வேண்டும். பிழையின் பெயர் எழுதினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாரம் இரண்டு தாள் வீதம் போட்டிவரை செய்தால் 2 நிமிட மறுப்புக்குக் கை பழகிவிடும்.

---

மேடைப்பயிற்சி:

நெல்முனை, நான்காவது வரி எழுதும்போது எதிராளியின் வாதத்தை வேண்டுமென்றே பலவீனமாக நிரப்பிவிட்டால்?

---

நெல்முனை பதில்:

அடிக்கடி நடக்கும். அதனால்தான் தாளை மாற்றுவது. நடுக்கூற்றை இரண்டு விதமாக எழுதச் சொல்லுங்கள்: எதிராளி ஏற்கக்கூடிய மிக வலுவான வடிவம் ஒன்று, மிக எளிய வடிவம் ஒன்று. வலுவான வடிவத்தைச் சோதித்து அதுவும் விழுந்தால்தான் மறுப்பு எழுதலாம். விழவில்லை என்றால் அந்த வாதத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும், போட்டியிலும் அப்படியே.